தங்கையின் ரைபிளும் அப்பாவின் மெழுகு டப்பாவும்!

"உங்க ஊர் ஏரி இப்போ எத்தனை அடி?"

அக்டோபர் பிறந்துவிட்டால் ஆபீஸில் என்னிடம் கேட்கப்படும் முதல் கேள்வி இதுதான். டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை, சொந்த ஊர் செம்பரம்பாக்கம்... போதாதா? முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, அடையாற்றில் உபரி நீர் திறப்பு... இந்த வரிகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் டைப் செய்துவிடுவேன். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் ஊர் பெயரைக் கேட்டாலே சென்னைக்காரர்களுக்கு வயிற்றைக் கலக்கும். அதனால் அந்தச் செய்தியை யாரும் படிக்காமல் கடந்துபோக மாட்டார்கள்.

ஆனால் போன மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் பேச்செல்லாம் ஏரியைப் பற்றி இல்லை. ஒரு ரைபிளைப் பற்றி.

என் தங்கை கல்லூரியில் என்.சி.சி. அங்கே .22 ரைபிளைப் பிடித்தவள், அப்படியே துப்பாக்கி சுடும் போட்டிகளுக்குள் போய்விட்டாள். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோவிலும் பாரிஸிலும் ஒலிம்பிக்கில் சுட்டதை யூடியூபில் பார்த்துப் பார்த்தே வளர்ந்த பெண். சொந்தமாக ரைபிள் வாங்க எங்களுக்கு ஏது வசதி? பயிற்சி எடுக்கும் கிளப்பில் ஒரு பழைய ஜெர்மன் ரைபிள் இருக்கிறது. வால்நட் மரக்கட்டை போட்டது. அதில்தான் 50 மீட்டர் பிரிவில் சுடுகிறாள்.

50 மீட்டர் தூரத்தில் அந்தப் போட்டிக்கான '10' வட்டம் எவ்வளவு பெரியது தெரியுமா? விட்டம் 10.4 மில்லிமீட்டர். உங்கள் சட்டைப் பொத்தான் அளவு. அதில்தான் ஒன்றன்மேல் ஒன்றாகக் குண்டு விழ வேண்டும். ஜூலை வரை ஓரளவு விழுந்துகொண்டிருந்தது. மழை ஆரம்பித்ததும் குண்டுகள் சிதற ஆரம்பித்தன. ஒன்று மேலே, இன்னொன்று இடது பக்கம். தங்கை மூச்சுப் பயிற்சியை மாற்றினாள், தூங்கும் நேரத்தை மாற்றினாள், காபியை நிறுத்தினாள். ராத்திரி படுக்கையில் அழுததை நான் பார்த்தேன். "எனக்கு வரலக்கா. அவ்ளோதான் போல" என்றாள்.

ஒரு நாள் வீட்டுக்கு வந்தவள் முகத்தில் வேறு மாதிரி வெளிச்சம்.

"தப்பு என்கிட்ட இல்லக்கா... ரைபிள்ல! மாஸ்டர் செக் பண்ணிட்டாரு. பெட்டிங் போயிடுச்சாம். புதுசா பெட்டிங் பண்ணணும்."

அடுப்படியிலிருந்து அம்மா கரண்டியோடு ஓடி வந்தார். "பெட்டிங்கா? எவ்ளோ பணம் கட்டின? எந்த ஆப்புல?"

அம்மாவைச் சமாதானப்படுத்தவே 10 நிமிடம் ஆனது. இது சூதாட்ட பெட்டிங் இல்லை, படுக்கை 'பெட்'டிலிருந்து வந்த பெட்டிங் என்று புரியவைத்தோம்.

மரம் குடிக்கும் தண்ணீர்

ரைபிளில் குண்டு வெடிக்கும் இரும்புப் பகுதியை 'ரிசீவர்' என்கிறார்கள். அது மரக்கட்டைக்குள் ஒரு பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். இரண்டு ஸ்குரூ அதை இறுக்கிப் பிடித்திருக்கும். அந்தப் பள்ளம்தான் ரிசீவரின் படுக்கை. பிரச்னை என்னவென்றால், இரும்பு தண்ணீர் குடிக்காது, மரம் குடிக்கும். காற்றில் ஈரம் ஏறினால் மரம் உப்பும், வெயிலில் சுருங்கும். நம் வீட்டுக் கதவு மழைக்காலத்தில் நிலையோடு இறுகிக்கொள்கிறதே, அதேதான். பல வருடங்கள் உப்பிச் சுருங்கிய மரத்தில் ரிசீவர் ஒரு பக்கம் மட்டும் தாங்கி நிற்கும். ஒவ்வொரு முறை சுடும்போதும் மயிரிழை அளவு இடம் மாறி உட்காரும். துப்பாக்கியில் மயிரிழை என்றால் 50 மீட்டருக்கு அப்பால் அது ஒரு பொத்தான் அளவு.

மாஸ்டர் இதைக் கண்டுபிடித்த விதம் எளிமையானது. குண்டு இல்லை என்று இரண்டு தடவை பார்த்த பிறகு, பேரலுக்கும் கட்டைக்கும் நடுவில் டயல் கேஜை வைத்து, ஒரு ஸ்குரூவை மட்டும் மெதுவாகத் தளர்த்தினாராம். ரிசீவர் நிம்மதியாக உட்கார்ந்திருந்தால் முள் அசையக் கூடாது. முள் எழுந்து நின்றதாம்.

இதற்கு மருந்து, பள்ளத்தில் கொஞ்சம் மரத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, அங்கே எபாக்ஸியை நிரப்பி, அதன்மேல் ரிசீவரையே அச்சாக வைத்து உட்காரவைப்பது. எபாக்ஸி இறுகியதும் ரிசீவரின் உருவம் அப்படியே பதிந்திருக்கும். இனி இரும்பு உட்காருவது மரத்தில் அல்ல, ஈரத்துக்கு அசையாத எபாக்ஸியில். ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை கம்பெனிகளில் பெரிய மெஷினை நிறுத்தும்போது அடியில் எபாக்ஸி கிரவுட் ஊற்றுகிறார்களே, அதே வேலைதான். அது டன் கணக்கில், இது கிராம் கணக்கில்.

"மாஸ்டர்கிட்ட வெளிநாட்டு கிட் ஒண்ணு இருந்துச்சாம், காலாவதி ஆயிடுச்சு. இங்க கிடைக்கிற எபாக்ஸில எது நல்லாருக்கும்னு யோசிச்சிட்டிருந்தாரு. எங்க அப்பா மோல்டு மேக்கர்னு சொல்லிட்டேன்" என்றாள் தங்கை.

வீடு அமைதியானது. அப்பா மோல்டு மேக்கராக 'இருந்தவர்'.

அப்பாவின் கைகள்

திருமழிசை பக்கம் ஒரு எஃப்.ஆர்.பி ஷெட்டில் அப்பா 22 வருடங்கள் வேலை பார்த்தார். கண்ணாடி இழைப் பாயில் ரெசின் பூசி பஸ் டேஷ்போர்டு, ஜெனரேட்டர் மூடி, தண்ணீர்த் தொட்டி என்று எல்லாவற்றுக்கும் அச்சு எடுப்பார். பெரும்பாலும் பாலியெஸ்டர் ரெசின். கடைசி சில வருடங்கள் எபாக்ஸியில் டை பேட்டர்ன் வேலை. அப்போதுதான் விரல் இடுக்கெல்லாம் வெடித்து, நீர் கோத்து, அரிக்க ஆரம்பித்தது. எபாக்ஸியில் கலக்கும் ஹார்டனர் ஒத்துக்கொள்ளவில்லை என்றார் தோல் டாக்டர். இந்த அலர்ஜி ஒருமுறை வந்துவிட்டால் உடம்பு மறக்காது. அடுத்த முறை ஒரு துளி பட்டாலும் போதும், கை பழையபடி வெடிக்கும். அந்தக் காலத்தில் கையுறை போடாமல், கையில் ஒட்டியதைத் தின்னர் ஊற்றித் துடைத்ததுதான் வினை. தின்னர் அழுக்கை எடுக்கவில்லை, ரசாயனத்தைத் தோலுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது.

இப்போது அப்பா ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. வருகிற கார்களுக்கெல்லாம் சல்யூட் வைக்கிறார். மோல்டு வேலையைப் பற்றி வீட்டில் பேசுவதே இல்லை.

அன்று மட்டும் பேசினார். "எபாக்ஸி எதுவேணா இருக்கட்டும். ரிலீஸுக்கு என்ன போடப் போறாராம்?"

தங்கை முழித்தாள்.

"ஒட்றதுக்கு ஆயிரம் சரக்கு இருக்கு கண்ணு. ஒட்டக் கூடாத எடத்துல ஒட்டாம இருக்கணும். அதான் வேலையே. ரைபிள் கட்டையோட ஒட்டிக்கிட்டா அந்த மாஸ்டர் என்ன பண்ணுவாரு?"

மொட்டை மாடி ஆராய்ச்சி

ஞாயிற்றுக்கிழமை மாடியில் ஷீட் போட்ட இடத்தில் கடை விரித்தோம். ரைபிளைத் தொடும் பேச்சே இல்லை. ஒரு அங்குல இரும்பு பைப்பில் ஆறு துண்டு, கார்பென்டரிடம் வாங்கிய கழிவுக் கட்டை, அதில் பைப் உட்காரப் பள்ளம். நான் நைட்ரைல் கையுறை, முழுக்கைச் சட்டையோடு. அப்பா ஆறடி தள்ளி பிளாஸ்டிக் சேரில், கைகளைக் கட்டிக்கொண்டு. நிறுப்பதற்கு அம்மாவின் சமையல் தராசு. "இனிமே அதுல நான் மாவு நிறுக்க மாட்டேன்" என்று அம்மா அப்போதே கைகழுவிவிட்டார்.

முதலில் எபாக்ஸி தேர்வு. நான் ஆர்வக் கோளாறில் ஐந்து நிமிட எபாக்ஸி வாங்கி வந்திருந்தேன். அப்பா சிரித்தார். "அஞ்சு நிமிஷத்துல கலந்து, ஊத்தி, உக்கார வெச்சு, வழியறதைத் தொடைக்க முடியுமா? நம்ம ஊர் சூட்டுல அது மூணு நிமிஷம்தான்." சூடு ஏற ஏற எபாக்ஸி வேகமாக இறுகும். கப்பில் மொத்தமாக வைத்திருந்தால் தன் சூட்டிலேயே கொதித்து இன்னும் வேகமெடுக்கும். அதனால் கலந்ததும் அகலமான தட்டில் பரப்ப வேண்டும்.

பைப் லீக்குக்குப் பிசையும் எம்-சீல் போன்ற பசை? மாவு மாதிரி கெட்டி. மூலை முடுக்குக்குள் ஓடாது, நடுவே காற்று நிற்கும். பாலியெஸ்டர் ரெசின்? ஷெட்டில் அதுதான் மலிவு. ஆனால் இறுகும்போது எபாக்ஸியைவிட அதிகம் சுருங்கும். "சுருங்கினா அச்சு எடுத்து என்ன புண்ணியம்?" அரால்டைட்டின் மெதுவான ரகம், 24 மணி நேரம் எடுத்துக்கொள்வது, ஒட்டுவதில் குறையே இல்லை. ஆனால் கொஞ்சம் நீர்த்தது, வழிந்துவிடும். அப்பா கடைசியில் கை காட்டியது இரும்புத் தூள் கலந்த மெதுவான எபாக்ஸியை. டெவ்கான் மாதிரிக் கம்பெனிகள் மெஷின் பழுதுபார்க்க விற்பது. வைத்த இடத்தில் நிற்கும், சுருங்குவதும் மிகக் குறைவு, இறுகினால் நல்ல கடினம்.

கலக்கும்போது நான் ஹார்டனரைக் கொஞ்சம் தாராளமாக ஊற்றப் போனேன். அப்பா சேரிலிருந்து எழுந்தேவிட்டார்.

"பாலியெஸ்டர் பழக்கம் இங்க ஆவாது! அதுல கேட்டலிஸ்ட்ட மழைக்கு ஒரு அளவு, வெயிலுக்கு ஒரு அளவு போடுவோம். எபாக்ஸில அப்படிக் கெடையாது. கம்பெனி சொன்ன கணக்குல ஒரு கிராம் கூடக் கூடாது, கொறையக் கூடாது."

பாலியெஸ்டரில் கேட்டலிஸ்ட் வேலையைத் தூண்டிவிடும் ஆள். எபாக்ஸியில் ஹார்டனரோ பாதிக் குடும்பம். ரெசினோடு ஜோடி சேர்ந்துதான் இறுகுகிறது. ஜோடி கிடைக்காமல் மிஞ்சியது உள்ளேயே தங்கி, பொருளைப் பலவீனமாக்கும். டப்பாவில் எழுதியிருக்கும் விகிதம் எடைக்கா, அளவுக்கா என்பதையும் பார்க்க வேண்டும். இரண்டும் வேறு வேறு.

அடுத்து ரிலீஸ். ஆறு பைப், ஆறு விதம். ஒன்றில் எதுவும் பூசவில்லை. இரண்டாவதில் அம்மாவின் யோசனைப்படி தேங்காய் எண்ணெய். மூன்றாவது நிறமில்லாத ஷூ பாலிஷ். வெளிநாட்டில் பல பேர் இதைத்தான் பூசுகிறார்களாம். நான்காவது மோல்டு வேக்ஸ். ஐந்தாவது, ஷெட்டில் பயன்படுத்தும் பி.வி.ஏ திரவம், காய்ந்தால் மெல்லிய படலமாகும், தண்ணீர் ஊற்றினால் கரைந்து அச்சை விடுவிக்கும். ஆறாவது சிலிகோன் ஸ்பிரே.

அந்த மோல்டு வேக்ஸ் டப்பாவை அப்பா பரண்மேலிருந்து எடுத்து வந்தார். வேலையை விட்ட அன்று கொண்டு வந்ததாம். இத்தனை நாள் எங்கள் யாருக்கும் தெரியாது.

அந்த மூலை

"வட்டமா தேய். காயவிடு. மெத்துனு ஒரு துணில பாலிஷ் பண்ணு. திரும்பத் தேய். நாலு கோட்டிங்."

நான் தேய்த்துக்கொண்டிருந்தேன். அந்த மெழுகு வாசனை எனக்குத் தெரியும். பிளஸ் டூ பரீட்சை முடிந்த விடுமுறையில், கைச்செலவுக்காக அப்பாவோடு ஷெட்டுக்குப் போன நாள்களின் வாசனை அது. புது டேஷ்போர்டு மோல்டு ஒன்றுக்கு வேக்ஸ் போடச் சொல்லியிருந்தார் அப்பா. புது மோல்டுக்கு நிறைய கோட்டிங் வேண்டும். நான் ஒரு கையில் போனும் மறு கையில் துணியுமாக இருந்தேன். ஒரு மூலையை விட்டுவிட்டேன். மறுநாள் பொருள் மோல்டோடு ஒட்டிக்கொண்டது. ரப்பர் சுத்தியல், மர ஆப்பு, தண்ணீர், காற்று என்று எல்லாம் அடித்துப் பார்த்தார்கள். வந்தது, மோல்டின் மூலையையும் பெயர்த்துக்கொண்டு வந்தது. அந்த மாதம் அப்பா சம்பளத்தில் பிடித்தம். அப்பா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஜர்னலிசம் டிப்ளமோ சேர்ந்தேன், 'உண்மையைச் சொல்வது' பற்றி அசைன்மென்ட் எல்லாம் எழுதினேன்.

மூன்றாவது கோட்டிங்கில் சொல்லிவிட்டேன். "ப்பா... அந்த டேஷ்போர்டு மோல்டு. அந்த மூலைக்கு நான் வேக்ஸ் போடல."

அப்பா பைப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியும்."

"எப்படி?"

"வேக்ஸ் புடிச்ச எடம் மின்னும். அந்த மூலை மங்கலா இருந்துச்சி."

"அப்போ ஏன் கேக்கல?"

"மங்கலா இருந்தத ரெசின் அடிக்கிறதுக்கு முன்னாடி பாக்காதது யாரு? துணிதான் உன் கைல இருந்துச்சி. மோல்டு என் பொறுப்பு." கொஞ்சம் நிறுத்திச் சொன்னார். "நாலாவது கோட்டிங் போடு. பேசினே பாதில விட்டுடப் போற."

கண்ணைத் துடைக்க முடியவில்லை. கையில் கையுறை.

திங்கள்கிழமை ரிசல்ட்

24 மணி நேரம் கழித்துப் பிரித்தோம். எதுவும் பூசாத பைப், எதிர்பார்த்ததுபோல் கட்டையோடு ஐக்கியம். தேங்காய் எண்ணெய் பூசியது வந்தது, ஆனால் எண்ணெய் தேங்கிய இடமெல்லாம் எபாக்ஸியில் அம்மைத் தழும்பு. ஷூ பாலிஷ், நாலைந்து தட்டுக்குப் பிறகு விட்டுக்கொடுத்தது. பி.வி.ஏ, மழை ஈரத்தில் காயவே இல்லை. சுருக்கம் சுருக்கமாக அச்சில் பதிந்திருந்தது. சிலிகோன் நன்றாகவே விட்டது. ஆனால் அப்பா வேண்டாம் என்றார். ஸ்பிரே பறந்து மரத்தில் பட்டால், ஒட்ட வேண்டிய இடத்திலும் ஒட்டாது. கார் கம்பெனிகளின் பெயின்ட் ஷாப்புக்குள் சிலிகோன் கலந்த பொருள்களை அனுமதிக்க மாட்டார்கள். துளி பட்டாலும் பெயின்ட் அங்கே பிடிக்காமல் குழிவிழும். அதே கதைதான்.

மோல்டு வேக்ஸ் பைப்பை ரப்பர் சுத்தியலால் ஒரே தட்டு. 'டக்'. உள்ளே கண்ணாடி மாதிரி அச்சு.

இதையெல்லாம் நான் போனில் எடுத்திருந்தேன். "வீட்டிலேயே செய்யலாம்... 5 டிப்ஸ்னு போட்டுடலாமாப்பா?" என்றேன். முறைத்தார். "அதைப் பாத்து எவனாவது வீட்ல துப்பாக்கியப் பிரிச்சா?" அவர் சொன்னது சரி. 1959-ம் வருட ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கியைப் பழுதுபார்க்கும் தொழிலுக்கும் உரிமம் வேண்டும். மாஸ்டர் ராணுவத்தில் ஆர்மரராக இருந்து ஓய்வு பெற்றவர், உரிமம் உள்ளவர். வீடியோவை டெலிட் செய்தேன்.

"வாங்க சார்!"

அடுத்த வாரம் அப்பாவைக் கிளப்புக்குக் கூட்டிப்போனோம். செக்யூரிட்டி யூனிஃபார்ம் இல்லாமல், கல்யாணத்துக்குப் போடும் வெள்ளைச் சட்டையில் வந்தார். "வாங்க சார்" என்று மாஸ்டர் எழுந்து நின்றார். அப்பா பின்னால் திரும்பிப் பார்த்தார், வேறு யாராவது வருகிறார்களோ என்று.

வேலை முழுக்க மாஸ்டரின் கைகள். அப்பாவின் கைகள் முதுகுக்குப் பின்னால். மரத்தில் ஓரிரு மில்லிமீட்டர் சுரண்டியிருந்தது. ரிசீவரின் ஓட்டை, இடுக்கு எல்லாவற்றையும் மாஸ்டர் குழந்தைகள் விளையாடும் களிமண்ணால் அடைத்தார். எபாக்ஸி உள்ளே புகுந்து கொக்கி மாதிரி இறுகிவிட்டால் எந்த மெழுகும் காப்பாற்றாது. "இதை நாங்க அண்டர்கட்னு சொல்வோம் சார்" என்றார் அப்பா. "நாங்களும் அப்படித்தான் சார் சொல்வோம்" என்றார் மாஸ்டர். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள்.

நாலு கோட்டிங் முடிந்தது. அப்பா குனிந்து, ரிசீவரை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டச் சொன்னார். "அந்த ஸ்குரூ மரைக்குள்ள?" மாஸ்டர் நெற்றியில் தட்டிக்கொண்டார். மரைக்கும் மெழுகு போடப்பட்டது.

எபாக்ஸி வைத்து ரிசீவரை இறக்கினார் மாஸ்டர். ஸ்குரூவை இறுக்கவில்லை, வழிகாட்டியாக மட்டும் நின்றது. இறுக்கினால் இரும்பு லேசாக வளையும், எபாக்ஸி அந்த வளைவையே நகல் எடுத்துவிடும். வழிந்ததைப் பஞ்சுக் குச்சியால் ஒற்றி எடுத்தார். அதோடு சரி. இனி காத்திருப்புதான்.

மறுநாள் மாலை அந்த 'டக்' கேட்டபோது, எனக்கு மூச்சே வந்தது. தங்கை சுட அவசரப்பட்டாள். முழு பலம் வர ஒரு வாரம் விடச் சொன்னார் அப்பா. விட்டோம்.

அதற்குப் பிறகு நடந்த போட்டியில் தங்கை மெடல் வாங்கினாளா என்று கேட்பீர்கள். இல்லை. ஆனால் குண்டுகள் மறுபடி ஒரே இடத்தில் கூட ஆரம்பித்தன. நடுவே ஒன்று ஓடிப்போனபோது உதட்டைப் பிதுக்கிக்கொண்டு வந்தாள். "இது என் தப்புதாங்க்கா. டிரிகரை இழுத்துட்டேன்." அதைச் சொன்னபோது அவள் முகத்தில் அழுகை இல்லை.

அப்பா இப்போதும் கேட்டில்தான் நிற்கிறார். ஆனால் மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாஸ்டரிடமிருந்து போன் வருகிறது, எதையோ ஒட்டுவது பற்றியோ ஒட்டாமல் இருப்பது பற்றியோ. பேசி முடித்துவிட்டு, அம்மாவுக்குக் கேட்கிற மாதிரி எங்களிடம் சொல்வார்: "மாஸ்டர் சந்தேகம் கேட்டாரு."

மெழுகு போடாத அந்த முதல் பைப், கட்டையோடு ஒட்டியபடியே என் ஆபீஸ் மேஜையில் இருக்கிறது. என்ன இது என்று கேட்பவர்களிடம் பேப்பர் வெயிட் என்கிறேன். அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் இந்த வருடமும் டைப் செய்துகொண்டிருக்கிறேன்: செம்பரம்பாக்கம் ஏரியின் இன்றைய நீர்மட்டம்...